கடல் பக்கத்துக் குரவை

சாய்ந்தமருது
2023 ஒக்டோபர் 14, சனி

என்ட கிளி றுஸ்னாவுக்கு,

மாமிட சலாம். அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கோழிக் கிறுக்கலப் பாத்துச் சிரிக்காத மகள், அஞ்சாம் வகுப்போட நிண்ட கை. போனை என்ட புள்ள சிபானாட்டக் குடுத்துட்டன். புருசன் போய் இத்தாவில ஊட்டோட மறைஞ்சி இரிக்கிற பொம்புள, மணி அடிச்சா எடுத்துக் காதில வெக்க, அங்கால ஆர்ர குரலெண்டு தெரியுமா? போன கிழம ஒருத்தன் லோன் வேணுமா எண்டு கேட்டான். அண்டோட உட்டன். உன்ட காக்கா மிஹ்லார் ஒவ்வொரு நாளும் அக்கரைப்பற்றில இருந்து கல்முனைக் கடைக்கு வாறவன்தானே. என்ட கூடப்பிறந்த காக்காட மகன், எனக்கு மஹ்ரம், ஊட்டுக்குள்ள வரலாம். அவன்ட கையில குடுத்து உடுறன். ஒட்டித்தான் தாறன். பிரிச்சிப் பாத்தானெண்டா எனக்குச் சொல்லு.

உன்ட மாமா மவுத்தாகிப் போன பொறகு ஊடு ஊடாயில்ல. அவர்ர செருப்பு இன்னும் வாசல்லதான் கிடக்கு. அஸருக்குப் பொறகு தெருப் பொம்புளையள் வந்து இரிக்காங்க, யாசீன் ஓதுறாங்க, தேத்தண்ணி குடிக்கிறாங்க, போறாங்க. அல்லாஹ் அவங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும்.

இப்ப நான் எழுத வந்த விசயத்துக்கு வாறன். நீ சனிக்கிழமையில எங்கட ஊர்ப் பொம்புளப் புள்ளையளச் சேத்து, ஆபத்தில தப்புறது எப்பிடியெண்டு படிப்பிக்கிறாய். நல்லம். மாமா இரிக்கக்குள்ள நான்தானே சிபானாவ அனுப்பினன். ஷோலுக்கு ஷோல் முடிச்சுப் போட்டுக் கயிறாக்கிக் காட்டினாள், பாத்தன். கேஸ் மணத்தா சுவிச்சத் தொடாதீங்க உம்மா, யன்னலத் தொறங்க எண்டாள், அது புத்தி. கொழும்பில வழி தவறினா ஆரிட்டக் கேக்கலாம், ஆரிட்டக் கேக்கப்படாது எண்டாள், அதுவும் சரி. ஒரு நாள் ஹோல்ல மல்லாந்து கையக் கால விரிச்சிக் கிடந்தாள். என்னடி இது கிடை எண்டன். மிதக்கிறாளாம்! சீமெந்துத் தரையில!

அதெல்லாம் பொறுத்தன். போன வியாழன் பொம்புளையள் எல்லாம் முன்னுக்கு இரிக்காங்க, நானும் இத்தா வெள்ளையோட இரிக்கன், பின் வளவில குரவை. ஒண்டில்ல, மூணு. ஆரெண்டு பாத்தா என்ட மகள்! அடுத்தூட்டு ஸம்ஸியா தேத்தண்ணிக் கோப்பையக் கீழ வெச்சிட்டு, "சரீபா, மாப்புள வந்திட்டானா? எங்களுக்குச் சொல்லவேயில்லயே" எண்டு சிரிச்சாள். சிரிச்சதுதான் சுட்டிச்சு.

குரவையெண்டா கலியாணத்துக்கு, சுன்னத்துக்கு, மாப்புள வாசல்ல கால் வெக்கக்குள்ள. வாப்பாட கபுறில மண் காயல்ல, மகள் குரவை போடுறாள் எண்டு ஊர் கதைக்காதா? இதச் சொல்றவள் ஆர்? ஒரு காலத்தில இந்தக் குறிச்சியில என்னக் கூப்புடாம ஒரு மாப்புளயும் எடுக்க மாட்டாங்க. பள்ளிப் பயானில ஹஸரத் அது மார்க்கத்தில இல்லாத பழக்கமெண்டு சொன்ன நாளையில இருந்து நாக்கக் கட்டிப்போட்டவள் நான். நீ அத எடுத்து என்ட புள்ளட வாயில வெக்கிறாய்.

குரவைய நிப்பாட்டு. இல்லாட்டி சிபானாவ உட்டுரு.

துஆவோட,
உன்ட சரீபா மாமி


அக்கரைப்பற்று
ஒக்டோபர் 19

அன்புள்ள மாமிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தை மிஹ்லார் காக்கா பிரிக்கவில்லை. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். உங்கள் எழுத்து அவனுக்கு விளங்கவில்லையாம்.

சிபானா செய்தது பிழை. குரவையை விளையாட்டுக்குப் போடக்கூடாது என்பதுதான் நான் சொல்லிக்கொடுத்த முதல் விசயம். வீட்டில் பழகியதற்கு அவளை நான் ஏசுகிறேன். உங்களுக்கு வந்த வெட்கத்துக்கு என்னை மன்னியுங்கள்.

ஆனால் ஏன் குரவை என்று கேளுங்கள் மாமி. போன மாரியில் எங்கள் பக்கத்து வாய்க்காலில் ஒரு பிள்ளை விழுந்தது. கூட வந்த பிள்ளைகள் கரையில் நின்று கத்தினார்கள். பாலத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, பெட்டைகள் கூத்தடிக்கிறார்கள் என்று தங்கள் கதையைத் தொடர்ந்தார்கள். பிள்ளை பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ். இன்றைக்கும் வாளித் தண்ணீரைக் கண்டால் அழுகிறது. பெண் பிள்ளைகள் கூட்டமாகக் கத்தினால் நம் ஊரில் யாருக்கும் அது ஆபத்தாகக் கேட்பதில்லை.

விசில் வாங்கிக் கொடுத்தேன். மறு வாரமே பாதிப் பேர் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். நாக்கை யாரும் வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லை. கத்தினால் தொண்டை கொஞ்ச நேரத்தில் அடைத்துவிடும். குரவை அடைக்காது, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அது உங்களுக்குத் தெரியாததா?

மூன்று குரவை, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று. அப்படிக் கேட்டால் ஆபத்து. கேட்டவர் ஒரே ஒரு குரவையால் பதில் சொல்ல வேண்டும். பதில் கேட்டதும் பிள்ளைகள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு மூச்சைச் சேமிக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

தாய் சம்மதிக்காத பிள்ளையை நான் தண்ணீரில் இறக்கமாட்டேன். சிபானா இதுவரை தரையில்தான் மிதந்திருக்கிறாள். அடுத்த மாதம்தான் அவளைக் குளத்துக்குக் கூட்டிப்போக இருந்தேன். மழை இறுகுவதற்குள் அவளுக்கு அது வந்துவிட வேண்டும் என்று எனக்கு மனதுக்குள் ஒரு பதற்றம். யோசித்துச் சொல்லுங்கள்.

உங்கள் றுஸ்னா


சாய்ந்தமருது
ஒக்டோபர் 28

றுஸ்னாவுக்கு,

சலாம். யோசிச்சன். யோசிக்க வேற என்ன வேல, நாலு சுவருக்குள்ள தஸ்பீஹும் யோசினையும்தான்.

மகள், உன்ட காயிதத்த ரெண்டு தரம் வாசிச்சன். உன்ட எழுத்து வடிவு. கதையும் வடிவு. ஆனா நீ பத்து மைல் அங்கால இரிக்காய், இஞ்ச ஊர் வாய்க்குள்ள இரிக்கிறவள் நான். நேத்து வந்தவங்க ஒருத்தி, "தகப்பனில்லாத புள்ள, கவனமா வளக்கணும் சரீபா. குளத்தில எறக்கிறாங்களாமே, நனைஞ்ச உடுப்போட ஆர் ஆர் பாக்கிறானோ" எண்டாள். இன்னொருத்தி, "குரவை போட்டுப் பழகுறாளே, ஓ.எல். ரிசல்ட் வர முந்தி மாப்புள ரிசல்ட் வந்திரும் போல" எண்டாள். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சன். சிரிக்காட்டி இன்னும் கதைப்பாங்க.

அதால அவள நான் நிப்பாட்டிட்டன். அழுதாள். கதவச் சாத்திக்கிட்டாள். ரெண்டு நாள் சோத்த அளைஞ்சிட்டு எழும்பினாள். நான் அசையல்ல. தண்ணியில போற உசிரும் தரையில போற உசிரும் அல்லாஹ் எழுதினதுதான். உன்ட மாமா தண்ணியிலயா போனார்? கதிரையில இரிந்து பேப்பர் பாத்துக்கிட்டுப் போனார்.

நீயும் கொஞ்ச நாளைக்கு இந்த வளவுக்கு வராத. வந்தா அவள் மனசு ஆடும். கோவத்தில எழுதுறன் எண்டு நினைக்காத. கோவம்தான், ஆனா அதுக்காக எழுதல்ல.

மழ தொடங்கிட்டு. ஊர்த் தண்ணி கடலுக்குப் போற தோணா நெரம்பி வருது, மேட்டுத் தெருவுக்கே தண்ணி ஏறப் பாக்குது. கடல் வாயில மணல் அடைச்சிக் கிடக்கு. அத வெட்டி உடாட்டி ஊர் மிதக்கும் எண்டு சனம் கத்துது. ராவையில கடல் இரைச்சல் காதுக்குள்ள வந்து இரிக்கு. முந்தி இப்பிடிக் கேக்காது, நடுவில எத்தின ஊடு இரிந்திச்சு.

கேக்கிறதுக்குக் கேக்கன், பதில் ஏன் ஒண்டு மட்டும்? மூணுக்கு மூணு சொன்னா என்ன?

சரீபா மாமி


அக்கரைப்பற்று
நவம்பர் 3

அன்புள்ள மாமிக்கு,

சிபானாவின் பெயரை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். நீங்கள் கூப்பிடும்வரை வளவுக்கு வரமாட்டேன்.

பதிலும் மூன்றாக இருந்தால், அங்கேயும் யாரோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்றாகிவிடும். அதனால்தான் ஒன்று.

ஒரே ஒரு விசயம் மட்டும் சொல்லவிடுங்கள். தோணாவின் வாயை வெட்டினால், அதற்குப் பிறகு அந்த மணலில் யாரும் நடக்கக் கூடாது. மேலே திட்டாகத் தெரியும், அடியை ஓட்டம் அரித்துக்கொண்டிருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று இறங்குவார்கள். அகப்பட்டுக்கொண்டால் நின்று போராடாமல் மல்லாந்து படுத்துவிட வேண்டும், கால் கடலைப் பார்க்க. வகுப்புக்கு வராவிட்டாலும் இதை அவளுக்குச் சொல்லுங்கள் மாமி. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்னதாகவே சொல்லுங்கள்.

றுஸ்னா


சாய்ந்தமருது
நவம்பர் 25, சனி

என்ட றுஸ்னா,

அல்ஹம்துலில்லாஹ். முதல்ல அத வாசி. மூணு பேரும் ஹயாத்தோட இரிக்காங்க. சிபானா பக்கத்தில படுத்துக் கிடக்காள். கொஞ்சம் காய்ச்சல். மற்றபடி ஒண்ணுமில்ல. மிஹ்லார் உனக்குச் சொல்லியிருப்பான், ஆனா அவன் பாதியக் கண்டவன். நான் முழுக்கச் சொல்றன்.

நீ எழுதினத நான் அவளுக்குச் சொன்னன் மகள். சோறு போடக்குள்ள சொன்னன். நேத்து வெள்ளிக்கிழம மாளிகைக்காட்டில டியூசன். றோட்டில இடுப்பளவு தண்ணியெண்டு சிபானாவும் உன்ட வகுப்பில இரிக்கிற நிப்லாவும் றுஸ்தாவும் காலையில கடலோரமாப் போயிரிக்காங்க. அப்ப தோணா வாய் மூடித்தான் கிடந்திச்சாம். அவங்க அங்கால படிச்சிக்கிட்டு இரிக்கக்குள்ள பெக்கோ மெசின் வந்து வாய வெட்டிட்டுப் போயிட்டு. திரும்பி வரக்குள்ள பாத்தா சின்ன ஓட்டம், கெண்டைக்காலளவு. பாதியில மணல் திட்டு இரிக்கு. அதில ஏறி நிண்டுட்டு அங்கால பாஞ்சா கரை. திட்டில ஏறினாங்க. ஏறினதும் முன்னாலயும் இடிஞ்சிது, பின்னாலயும் இடிஞ்சிது.

இஞ்ச ஜும்மா நேரம். ஆம்புளையள் எல்லாரும் பள்ளியில. தெருவில ஒரு பூனை இல்ல. லவுட்ஸ்பீக்கர்ல ஹஸரத்ட குத்பாப் பேச்சு கேக்குது, நான் தஸ்பீஹோட பாயில இரிக்கன். அதுக்குள்ளால வந்திச்சு. மூணு குரவை. நிண்டிச்சு. மூணு.

ஸம்ஸியா வேலிக்கு அங்கால இருந்து, "ஜும்மாவும் அதுவுமா ஆர்ர ஊட்டிலடி மாப்புள எடுக்கிறாங்க?" எண்டு சிரிச்சாள். இன்னொருத்தி, "சுன்னத்து ஊடாயிரிக்கும்" எண்டாள். எனக்கும் முதல்ல அப்பிடித்தான் மகள். எந்த ஊடெண்டுதான் யோசிச்சன். சத்தம் எங்கால வருதெண்டு காத வெச்சன். கடல் பக்கம். கடல் பக்கம் ஆர்ர ஊட்டில கலியாணம்? சுனாமிக்குப் பொறகு அங்க ஊடு ஏது? அங்க கலியாணம் செய்ய ஆக்கள்தான் ஏது? டியூசன் உட்டு வாற நேரம், தோணா வாயெண்டு நீ எழுதினது அப்பதான் மண்டையில அடிச்சிச்சு.

என்ட தொண்ட எப்பிடித் தொறந்திச்செண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வெள்ளையோட முத்தத்தில நிண்டு போட்டன். ஒண்டுதான், நீ எழுதினபடி. ஸம்ஸியா, "சரீபாக்குப் பேத்தியம் பிடிச்சிட்டு" எண்டு அலறினாள்.

அங்கால சத்தம் நிண்டுட்டு.

அந்த நிண்ட நேரம் இரிக்கே மகள், அத நான் மவுத்தாகிற வரைக்கும் மறக்க மாட்டன். பதில் கேட்டா நிப்பாட்டுவாங்க எண்டு நீ எழுதினாய். ஆனா மூச்சு நிண்டாலும் சத்தம் நிக்கும்தானே. எது நிண்டிச்செண்டு தெரியாம நான் வாசல் கடப்பத் தாண்டினன். மாமாட மையித்துக்குப் பொறகு தாண்டாத கடப்பு. செருப்புமில்ல.

கடலுக்கு நான் ஓடி என்ன செய்ய? பள்ளிக்கு ஓடினன். குத்பா நேரம் பக்கத்தில இரிக்கிறவனப் பாத்து "சும்மா இரி" எண்டு சொல்றதும் வீண் பேச்செண்டு ஓதிப் படிச்சவள், பள்ளி வாசல்ல நிண்டு மூணு குரவை போட்டன். நிப்பாட்டி மறுகா மூணு. ஹஸரத் மிம்பர் மேடையில வாய் மூடிட்டார். பள்ளிய நடத்துற ஹமீட் மரைக்கார் எட்டிப் பாத்து, "ஆர்ரா இந்த இத்தாக்காரி?" எண்டார். "தோணா வாயில புள்ளையள், மரைக்கார்!" எண்டன். மிம்பர்ல இரிந்து மைக்குக்குள்ளயே ஹஸரத் சொன்னார்: "வலைக்காரர் எழும்புங்க. மத்தாக்கள் வழி உடுங்க."

அவங்க கரவல இழுக்கிற கயிறோட ஓடினாங்க. பாத்தா, நிப்லாவும் றுஸ்தாவும் பாய் அகலத் திட்டில குந்திக்கிட்டு மூணு ஷோலையும் முடிச்சுப் போட்டுப் பிடிச்சிக்கிட்டு இரிக்காங்க. மத்த நுனியில தண்ணிக்குள்ள என்ட மகள். மணல் இடியக்குள்ள விழுந்திட்டாள். மல்லாந்து கையக் கால விரிச்சி, கால் கடலப் பாக்க, அந்தச் சீமெந்துத் தரையில கிடந்த கிடையே கிடந்தாளாம். கயிற எறிஞ்சி மூணு பேரையும் இழுத்தெடுத்தாங்க.

ராவு கேட்டன், பயந்தியாடி எண்டு. "முதல்ல உதறினன் உம்மா. பொறகு உங்கட குரவை கேட்டிச்சு. உதறுறத நிப்பாட்டிட்டன்" எண்டாள். ஆர்ர எண்டு எப்பிடித் தெரியும் எண்டன். "உங்கடது கடைசியில மேல ஏறும்" எண்டாள். நான் உட்டு எத்தின வருசம். எப்ப கேட்டு வெச்சாளோ.

நீ ஏன் வந்து பாக்கல்ல? வராத எண்டு எழுதினதாலயா? எழுதினவள் நான்தான். வா.

சரீபா மாமி


அக்கரைப்பற்று
நவம்பர் 30

அன்புள்ள மாமிக்கு,

அல்லாஹ் உங்களைப் பொருந்திக்கொள்வானாக. உங்கள் கடிதத்தை வாசித்து முடிக்க எனக்கு ஒரு நாள் எடுத்தது.

வகுப்பை நிறுத்திவிட்டேன். உங்கள் ஊரில் என்னை ஏசுகிறார்கள் என்பதற்காக அல்ல. நிப்லாவின் வாப்பா வந்து, "நீ படிப்பிச்ச துணிச்சல்லதானே அதுக்குள்ள எறங்கினாங்க" என்று கேட்டார்; அதற்குக்கூட அல்ல. அன்றைக்குக் குரவை எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கிறது மாமி. எல்லாரும் கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கூப்பிடக் கற்றுக்கொடுத்தேன். ஊருக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. கலியாணச் சத்தத்தை எடுத்து ஆபத்துக்கு வைத்த மடத்தனம் என்னுடையது. நீங்கள் ஒருவர் காது கொடுத்திராவிட்டால் அந்த மூன்று பேரையும் என் பாடமே கொன்றிருக்கும்.

எந்த முகத்தோடு வந்து சிபானாவைப் பார்ப்பது?

றுஸ்னா


சாய்ந்தமருது
டிசம்பர் 10

என்ட கிளி,

சலாம். முகத்தப் பத்தி எழுதியிருந்தாய். உனக்கு இரிக்கிறது ஒரு முகம், அதோடயே வா.

ஊர் என்னையும் உடல்ல தெரியுமா. இத்தாவ முறிச்சிட்டாள், அல்லாஹ்ட பள்ளியில குரவை போட்டாள் எண்டு. நான் ஹஸரத்ட பொஞ்சாதியக் கொண்டு கேட்டன், முறிஞ்சிட்டா எண்டு. உசிரக் காக்கப் போனா முறியாது, அவ போய்த் தன்ட ஊட்டில மிச்ச நாள இரிக்கட்டும் எண்டாராம். குரவையப் பத்திக் கேட்டதுக்கு, கொஞ்சம் யோசிச்சி, "அண்டு அது குரவையில்ல, கூப்பாடு" எண்டாராம். அந்தப் பதில் எனக்குப் போதும்.

இனி நான் என்ன செஞ்சன் எண்டு கேளு. இத்தாவில இரிக்கிறவளப் பாக்க வாறவங்க, தேத்தண்ணி முடியாம எழும்ப ஏலா. முடிய நான் உடுறல்ல. வாறவள் போறவள் எல்லாருக்கும் ஒரே கதை. மூணு, நிப்பாட்டு, மூணு. கடல் பக்கமெண்டா கலியாணமில்ல. தோணாப் பக்கமெண்டாலும் கலியாணமில்ல. ஒண்டு சொல்லு, ஓடு, ஆம்புளையளக் கூப்புடு. சிரிச்சவளுக்கு ரெண்டாம் தேத்தண்ணி. ஸம்ஸியாதான் முதல் அழுதவள். இப்ப என்னயவிட அவள்தான் கூடக் கதைக்கிறாள், மீன்காரனையும் உடுறல்ல. மாப்புள ரிசல்ட் எண்டு நக்கலடிச்சவள் தன்ட ரெண்டு மகள்மாரையும் உன்னட்டச் சேர்க்க என்னட்டக் கேக்கிறாள். நிப்லாட வாப்பாவும் மகளத் தடுக்க மாட்டாராம், அவர்ர பொஞ்சாதி சொன்னாள். அவர் சொன்னாரா, அவள் சொல்ல வெச்சாளா, அது அவங்கட பாடு.

நேத்து அஸருக்குப் பொறகு, பள்ளியில அறிவிச்சிட்டு, மூணு புள்ளையளையும் கடல் பக்கம் அனுப்பினம். வலைக்காரர் பக்கத்தில நிண்டாங்க. மூணு போட்டாங்க. நிப்பாட்டினாங்க. மூணு போட்டாங்க. முதல் ஸம்ஸியாட வளவில ஒண்டு. பொறகு அங்கால ஒண்டு. பொறகு மேட்டுத் தெருவில ஒண்டு. ஒவ்வொரு வளவிலயும் ஒண்டு ஒண்டா, பள்ளி வரைக்கும் போயிட்டு மகள். நான் வாய் தொறக்கல்ல. பாயில இரிந்து அழுதன்.

ஊருக்குக் கேக்கப் படிப்பிக்கல்ல எண்டு எழுதினாய். நீ டீச்சர்தான், ஆனா உனக்கு வாய் காணாது. வாயுள்ள வேலய மாமிட்ட உடு. மிதக்கிறதுதான் எனக்குத் தெரியா. சிபானா ராவையில கண்ண மூடினா தண்ணி வருதெண்டு எழும்பி, தரையில போய் மல்லாந்து கிடக்காள். சீமெந்துக்கு மேல அவளக் கொண்டு போக என்னால ஏலா. நான் சம்மதிக்கிறன். அவள் தாய் நான், எழுதித் தாறன்: குளத்தில எறக்கு.

சனிக்கிழம வா. இடியப்பத்தோட காத்திரிக்கம். கடப்படியில நிண்டு சலாம் மட்டும் சொல்லு. மறந்தும் குரவை போட்டிடாத, ஊரே கயிறோட வந்திரும்.

உன்ட சரீபா மாமி